முதுகு எனக்கு, முகம் தெருவுக்கு

குரோம் தகட்டில் கீறல் விழுந்தது ஒரு வியாழக்கிழமை.
மாற்றுத் தகடு ஒஸ்லோவிலிருந்து வர
மூன்று வாரம் என்றார்கள்.
கயிற்றாலைக்கு நூறாவது வருடம்.
ஞாயிறு காலைக்குள் பன்னிரண்டு தொழிலாளர் படம் வேண்டும்,
தலை வாரிக்கொள்ளும் அளவு பளபளப்பாக.
மேட்டாகக் கொடுத்தால் பத்திரிகையில் பிளாக் செய்கிறவன்
கறுப்பெல்லாம் கரியாக விழுகிறதென்று
திருப்பி அனுப்பிவிடுவான்.

பெர்கனில் சமையலறை ஜன்னல்
மழை பார்ப்பதற்கென்றே வைத்தது.
அதை வெந்நீரும் சோடாவும் விட்டுக் கழுவினேன்,
டால்கம் பவுடர் தூவித் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.
ஒரு விரல்ரேகை மிச்சமிருந்தால் போதும்,
யாருடைய நெற்றியிலாவது போய் உட்கார்ந்துகொள்ளும்.

பளபளப்பு பூசி வருவதில்லை.
நனைந்த ஜெலட்டின் எதன்மேல் சாய்கிறதோ
அதன் தோலைத் தன் தோலாக்கிக்கொள்கிறது.
கண்ணாடியோடு படுத்தால் கண்ணாடி,
கம்பளத்தோடு படுத்தால் கம்பளம்.
இதை என் திருமணத்தோடு பொருத்திப் பார்க்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.

கடைசித் தொட்டியில் நாலு சொட்டு மாட்டுப் பித்தநீர்.
எதற்கென்று கேட்பதை
மருந்துக் கடைக்காரர் எப்போதோ விட்டுவிட்டார்.
எடுத்து, ஒழுகவிட்டு,
முகத்தைக் கண்ணாடியில் வைத்து
முதுகில் ரப்பர் உருளையை ஓட்டினேன்,
நடுவிலிருந்து விளிம்புக்கு,
ஒரு குமிழியும் ஒளிந்துகொள்ளாதபடி.
ஆறு சட்டம், சட்டத்துக்கு இரண்டு பேர்.

அப்புறம்தான் உறைத்தது:
எனக்கு வாய்த்தது பன்னிரண்டு வெள்ளை முதுகு.
முகங்கள் எல்லாம் தெருவைப் பார்த்து நின்றன.

ரொட்டிக் கடைப் பெண் கையசைத்தாள், எனக்கல்ல.
தபால்காரர் நின்று எண்ணினார்.
மேல் வரிசை இடது ஓரத்தைப் பார்த்து நாயொன்று குரைத்தது.
அங்கே இருந்தவர் மேஸ்திரி. விவரமான நாய்.

எதிர்வீட்டு போர்கில்ட்
குடைக்குள் நெடுநேரம் நின்றிருந்தாள்.
கீழ் வரிசை, வலது ஓரம், தோர்லைவ். அவள் தம்பி.
ஒரு படகின் பாதிப் பங்குக்காகப்
பதினோரு வருடம் பேச்சில்லை.
ஒரே தெருவின் இரண்டு முனையிலும்
அவரவர் கதவு, அவரவர் ரொட்டி நேரம்.

சனிக்கிழமை மாடியேறி வந்தாள்.
உள்ளே நுழையவில்லை.
"எப்போது காயும்?"
"இந்த ஈரத்தில் யார் சொல்வது?
அடுப்பை நகர்த்தி வைத்தால் ராத்திரியே காயும்.
ஆனால் அவசரப்படுத்தினால்
சிப்பி ஓடு மாதிரி வளையம் வளையமாக விழும்."
"அப்படியானால் அவசரப்படுத்தாதே" என்றாள்.
குடையிலிருந்து சொட்டிய நீர்
படி முழுக்க அவளோடு இறங்கிப் போயிற்று.

அடுப்பை நகர்த்தினேன்.
என்ன செய்ய, ஞாயிறு ஞாயிறுதானே.

ராத்திரி இரண்டு மணிக்கு முதல் சத்தம். டிக்.
நகம் கடிக்கிற மாதிரி.
ஓரம் தானாகக் கழன்று தாள் தரையில் விழுந்தது.
பிறகு இரண்டு, பிறகு வரிசையாக,
மேஸ்திரி பாத்திரம் கழுவும் தொட்டியில்.
எடுத்துப் பார்த்தால்
ஒவ்வொரு முகத்திலும் என் விளக்கு எரிந்தது.

தோர்லைவ் மட்டும் இறங்கவில்லை.
காத்திருந்திருக்கலாம்.
நகத்தால் நெம்பினேன்.
கன்னத்தில் காசளவு வெளிறிப்போய்,
சுற்றிலும் வளையங்கள்,
நான் சொன்ன அதே சிப்பி.

கீறல் விழுந்த தகட்டில்
கீறாத மூலை ஒன்று இருந்தது,
ஒரு முகத்துக்கு மட்டும் போதுமான அளவு.
இன்னொரு தோர்லைவை அச்சடித்து
அதில் காயவைத்து உறையிலிட்டேன்.
பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. பணமும் வந்தது.

கெட்டுப்போன தோர்லைவைத்
திரும்பத் தண்ணீரில் ஊறவைத்து
அதே சட்டத்தில், அதே ஓரத்தில் ஒட்டினேன்.
யாரும் கேட்காத வேலை. பில் போட முடியாது.
அடுப்பைச் சுவரோரம் தள்ளிவைத்தேன்.

திங்கள் சாயங்காலம் மழைக்குள்
ஒரு தொப்பி தெரு முனையிலிருந்து வந்தது,
தன் முகம் எங்கோ மாட்டியிருக்கிறதென்று கேள்விப்பட்டு.
ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்தது.
எதிர்வீட்டில் திரை ஒதுங்கியது.

அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.
நடுவில் வெள்ளை முதுகு ஒன்று மறைத்தது,
இன்னும் ஈரமாக.